ஒரு சொல்லுக்கு 11 புள்ளி

கையில் ஏழு எழுத்துகள்: ஏ, ஏ, ஹெச், ஐ, பி, ஆர், வி. ஃபோனின் மறுபக்கம் கல்லூரிக் காலத்து நண்பன். நாளைக்கு ஒரு வார்த்தை, ரெண்டு வார்த்தை என்று வாரக்கணக்கில் இழுத்துக்கொண்டு போகிற ஸ்க்ராபிள் ஆட்டம். நான் தோற்றுக்கொண்டிருந்தேன். அதனால் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன். எழுத்துகளைக் கொடுத்தால் வார்த்தைகளைக் கொட்டும் தளம் ஒன்றைத் திறந்து, ஏழையும் தட்டினேன்.

இந்தத் தளங்களைத் தொடாதவர்களுக்காகச் சொல்கிறேன். எழுத்தில்லாத வெற்றுக் கட்டை கையில் இருந்தால் அதற்கு ஒரு கேள்விக்குறி போடலாம். எதில் தொடங்கணும், எதில் முடியணும், நடுவில் எந்த எழுத்து இருக்கணும் என்றெல்லாம் கேட்கலாம். நொடியில் பட்டியல் வரும். நான் பயன்படுத்தியதில் அர்த்தம் மட்டும் வராது.

அன்று ஆறெழுத்தில் எனக்குத் தோதாக இரண்டு சொற்கள் இருந்தன. ஒன்று ராஃபியா. அது ஒரு பனை வகையின் பெயர் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். இன்னொன்று பரையா. அதே ஆறு எழுத்துகளை இடம் மாற்றினால் அது இது, இது அது. வெறும் எழுத்துக் கணக்கில் இரண்டுக்கும் 11 புள்ளி. ராஃபியாவை நான் கேள்விப்பட்டதே இல்லை. பரையா தெரிந்த முகமாக இருந்தது. எடுத்துப் போட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவனிடமிருந்து ஒரு வரி வந்தது: "அர்த்தம் தெரிஞ்சுதான் போட்டியா?"

பறையர் என்ற நம் ஊர்ச் சொல்தான் 17ஆம் நூற்றாண்டில் கப்பலேறி ஆங்கிலத்துக்குப் போனது. அங்கே அது ஒரு சமூகத்தின் பெயராக இருப்பதை விட்டுவிட்டு, ஒதுக்கப்பட்ட எவரையும் குறிக்கும் சொல்லாகிவிட்டது. இன்றைக்கு ஆங்கிலச் செய்திகளில் ஏதாவது ஒரு நாட்டை மற்ற நாடுகள் ஒதுக்கினால் அதற்கும் இந்தப் பெயர்தான். அதன் தமிழ் வடிவத்தைப் பள்ளிக்கூடத்தில் என்ன தொனியில் கேட்டு வளர்ந்தான் என்று என் நண்பன் ஒரு ராத்திரி விடுதி மொட்டைமாடியில் சொல்லியிருக்கிறான். எனக்குத் தெரியும். போடும்போது அது ஞாபகத்துக்கே வரவில்லை.

இப்போது என்ன பதில் சொல்வது? தெரியும் என்றால் அவனை மறந்ததாக ஆகிவிடும். தெரியாது என்றால் அது பொய், அதோடு திருட்டு ஆட்டமும் வெளியே வந்துவிடும்.

ஆட்டத்தில் அர்த்தம் தேவையே இல்லை என்று வாதாடலாம். நியூசிலாந்துக்காரரான நைஜல் ரிச்சர்ட்ஸ் பிரெஞ்சு பேசத் தெரியாமலேயே 2015இல் பிரெஞ்சு ஸ்க்ராபிள் உலகப் பட்டத்தை வென்றார். சொற்பட்டியலை உட்கார்ந்து மனப்பாடம் செய்தார். அது உழைப்பு. அவரை யாரும் ஏமாற்றுக்காரர் என்று சொல்லவில்லை. ஆட்டத்தை உருவாக்கிய ஆல்ஃபிரட் பட்ஸ், பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையிழந்த கட்டடக் கலைஞர். பத்திரிகையின் முதல் பக்கங்களில் எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று எண்ணித்தான் விலை போட்டார். ஹெச்சுக்கு 4, பிக்கு 3. மனிதர்கள் அந்தக் கணக்கில் இல்லை.

ஆனால் எதிரில் ஒரு மனிதன் உட்கார்ந்திருக்கிறான். வட அமெரிக்க ஸ்க்ராபிள் ஆட்டக்காரர்களின் அமைப்பு 2020இல் இழிசொற்களைத் தன் பட்டியலிலிருந்து எடுத்தது. அடுத்த ஆண்டு மேட்டல் நிறுவனம் சுமார் 400 சொற்களை நீக்கியது. பலகையில் சொல்லுக்கு அர்த்தம் கிடையாது என்று பல ஆட்டக்காரர்கள் எதிர்த்தார்கள். பரையா அப்போதும் தப்பித்துவிட்டது. அதையும் எடுத்திருக்க வேண்டுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தொடங்கிய தன் பத்திரிகைக்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தார். அந்தப் பெயரை அவர் தலைநிமிர்ந்து எடுத்துக்கொண்டார். யார், யாரிடம், எதற்காகச் சொல்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எந்தப் பட்டியலும் அதைச் சொல்லாது.

தளத்தில் தேடியதை இத்தனை நாள் புள்ளித் திருட்டு என்றுதான் நினைத்திருந்தேன். தப்புதான், ஆனால் சின்னத் தப்பு. இப்போது வேறு மாதிரித் தெரிகிறது. மண்டையைக் குடைந்து நானே தேடியிருந்தால், அந்தச் சொல் மொட்டைமாடியையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம். நமக்குள்ளிருந்து எழும் சொல், அதை நாம் கேட்ட இடத்தோடும் ஆளோடும் வரும். அந்தத் தளத்திலிருந்து வந்தது தனியாக வந்தது. நானும் அதைத் தனியாகவே எடுத்துப் போட்டேன். இயந்திரத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அதற்கு என் நண்பனைத் தெரியாது. எனக்குத் தெரியும்.

கடைசியில் உள்ளதை எழுதினேன். "தெரியும்டா. ஆனா யோசிக்கல. சைட்ல தேடி எடுத்தேன். இன்னிக்கு மட்டும் இல்ல, ரொம்ப நாளா. மன்னிச்சிரு."

இரண்டு நாள் பதில் இல்லை. ஆட்டத்தை முடித்துக்கொண்டான் என்றே நினைத்தேன். மூன்றாம் நாள் காலை அவன் முறையை ஆடியிருந்தான். என் சொல்லின் கடைசியில் ஒரு எஸ் சேர்த்து, அந்த எஸ்ஸையே தொட்டுக்கொண்டு கீழ்நோக்கி ஒரு சொல். என் சொல்லின் புள்ளியும் சேர்த்து அவனுக்கு.

கீழே எழுதியிருந்தான்: "இனிமே மண்டையில இருந்து எடுத்துப் போடு. லேட் ஆனா பரவால்ல."

அந்த ஆட்டத்தில் நான் தோற்றேன். இப்போதும் விளையாடுகிறோம். ஒரு சொல் போட எனக்குச் சில சமயம் ரெண்டு நாள் ஆகிறது.