கையொப்பமும் சாட்சியமும்

போரில் இறந்தவனுக்கென அரசு வழங்கும் பணத்தை அவனது குடும்பம் ஏற்பது முறையா, மறுப்பது முறையா என்னும் வினா எளிதில் விடை காணத்தக்கதன்று. பிரசன்ன விதானகே நெறிப்படுத்திய ‘புரஹந்த களுவர’ (1997) என்னும் சிங்களத் திரைப்படம் இவ்வினாவையே மையமாகக் கொண்டுள்ளது.

வரண்ட பிரதேசக் கிராமமொன்றில் வாழும் பார்வையற்ற முதியவர் வன்னிஹாமி. இப்பாத்திரத்தை ஜோ அபேவிக்கிரம ஏற்றுள்ளார். வறுமையினால் இராணுவத்திற் சேர்ந்த மகன் பண்டாரவின் உடல் என முத்திரையிட்ட சவப்பெட்டியொன்று வீடு வந்து சேர்கின்றது. அதனைத் திறத்தலாகாது என்பது கட்டளை. ஊரார் அழுகின்றனர், அடக்கமும் நிகழ்கின்றது. முதியவரோ மகன் இறந்தான் என்பதை ஏற்கவில்லை. நட்டஈட்டுப் பத்திரத்திற் கையொப்பமிடவும் இசையவில்லை.

இம்மறுப்பிற்கு எதிராக வலுவான நியாயம் ஒன்றுண்டு. மணமாக வேண்டிய மகள் வீட்டில் இருக்கின்றாள். மகன் உழைக்கச் சென்றதே குடும்பத்தின் பொருட்டன்றோ? இல்லாதவன்மீது கொண்ட பற்றினால் இருப்போரைப் பட்டினியிடுவது அறமாகுமா? கையொப்பமிடுமாறு வற்புறுத்துவோரைப் பேராசைக்காரர் எனத் தள்ளிவிட முடியாது. அவர்களைப் பேசவைப்பது வறுமையே.

எனினும், கையொப்பம் என்பது பணம் பெற்றதற்கான பற்றுச்சீட்டு மாத்திரமன்று; அது ஒரு சாட்சியம். தாம் அறியாத ஒன்றை அறிந்ததாகக் கூறுமாறு அம்முதியவரிடம் கேட்கப்படுகின்றது. கண்ணுள்ளோர் முத்திரையைக் கண்டு நம்பினர். கண்ணற்றவரோ உள்ளிருப்பதை அறிய விழைந்தார். ஈற்றில் புதைகுழி தோண்டப்படுகின்றது. பெட்டியினுள் இருந்தவை வாழைக் குற்றிகளும் கற்களுமே.

இதனால் மகன் உயிருடன் உள்ளான் என்பது நிறுவப்பட்டுவிடவில்லை. உடல் கிடைக்காமலே அவன் இறந்திருக்கவுங் கூடும். ஆகவே, தந்தையின் நம்பிக்கை வேறு, அவரது மறுப்பு வேறு எனப் பிரித்து நோக்குதல் அவசியமாகின்றது. நம்பிக்கை பொய்க்கலாம்; மறுப்போ பொய்க்காது. ஏனெனில் பணத்திற்கு முன்பாக அரசு அவருக்குக் கொடுக்க வேண்டியிருந்தது உண்மையாகும். உண்மையைக் கொடாது வழங்கப்படும் நட்டஈடு, மௌனத்திற்கான விலையாகவே அமைந்துவிடுகின்றது.

2000ஆம் ஆண்டில் அரசு இப்படத்தின் திரையிடலைத் தடுத்தது. 2001இல் உயர் நீதிமன்றம் நெறியாளர் சார்பாகத் தீர்ப்பளித்தது. திறத்தலாகாது என்ற கட்டளை பெட்டிக்கு மாத்திரமன்றிப் படத்திற்கும் விதிக்கப்பட்டமை ஈண்டு எண்ணத்தக்கது.

2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில், காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். மரணச் சான்றிதழும் நட்டஈடும் வேண்டாம், உண்மையே வேண்டும் என்பது அவர்களிற் பலரது குரலாயிற்று. வன்னிஹாமியின் நிலையும் அவர்களது நிலையும் ஒன்றல்ல. அவருக்குப் பெட்டியாவது கிடைத்தது. அவர்களுக்கு அதுவுங் கிடைக்கவில்லை. போரின் எதிரெதிர்ப் பக்கங்களில் நின்ற பிள்ளைகளின் பெற்றோரும் இவர்களுள் அடங்குவர். ஆயினும் இரு சாராரும் கேட்பது ஒரே வினாவையே. அதற்கு விடை கூறாத அரசு, எத்தொகையை வழங்கினும் கடன் தீர்த்ததாகாது.