தருமமா, கடமையா?

ஒரு பொருள் எப்போது பொதுச் சேவையாகிறது? எல்லாருக்கும் தேவைப்படும்போது என்பது எளிய விடை. ஆயின் போதிய விடையன்று. அரிசியும் எல்லாருக்கும் தேவைதான். ஒரு கடைக்காரர் விலையை ஏற்றினால் அடுத்த கடைக்குச் செல்கிறோம். ஆனால், தெருவுக்கு ஒரே கம்பி என்னும் நிலையில், வாங்குவோனுக்கு அடுத்த கடை ஏது?

மின்சாரத்தின் வரலாறு இதற்குச் சான்று பகரும். 1930களின் நடுவில் அமெரிக்கப் பண்ணை வீடுகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்றுக்கே மின்சாரம் இருந்தது. வீடுகள் தொலைதூரத்தில் சிதறிக் கிடப்பதால் கம்பி இழுப்பது கட்டுபடியாகாது என்றன கம்பெனிகள். அவற்றின் கணக்கில் பிழையில்லை. இலாபம் ஒன்றையே அளவுகோலாகக் கொண்டதுதான் பிழை. 1935இல் அரசு ஊரக மின்மய நிர்வாகத்தை நிறுவி, உழவர்களின் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கடன் வழங்கிய பின்னரே கம்பி வயல்வெளிகளைக் கடந்தது.

வீட்டு இணையம் இன்று அதே இடத்தில் நிற்கிறது. 2020இல் கொள்ளைநோய் பள்ளிகளை மூடியபோது, இணையம் இல்லாத வீட்டுப் பிள்ளைக்குப் பாடமும் இல்லாமற் போயிற்று. அமெரிக்க அரசு, குறைந்த வருவாயினரின் இணையக் கட்டணத்தில் மாதம் 30 டாலர் வரை தானே ஏற்றது. சுமார் 2 கோடியே 30 இலட்சம் குடும்பங்கள் பயன்பெற்றன. நிதி தீர்ந்தது, 2024 ஜூன் முதல் நாளன்று திட்டமும் முடிந்தது. தேவை தீரவில்லை, உதவிதான் தீர்ந்தது. தருமத்துக்கும் கடமைக்கும் உள்ள வேற்றுமை இதுவே அன்றோ!

அப்படியாயின் கம்பியை அரசின் கையில் ஒப்படைத்துவிடலாமா? அங்கேயும் அச்சம் உண்டு. 2019 ஆகஸ்டில் காஷ்மீரில் அரசு இணையத்தைத் துண்டித்தது. காலவரையின்றி அவ்வாறு நிறுத்திவைப்பது ஏற்கத்தக்கதன்று என 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறிற்று. எனினும் அதிவேக இணைப்பு முழுமையாகத் திரும்ப 2021 பிப்ரவரி ஆயிற்று. கொடுக்கும் கையே தடுக்கும் கையாகவும் மாறக்கூடும்.

ஆகவே கேள்வி, கம்பி யாருக்குச் சொந்தம் என்பதன்று. கம்பிக்கு உரியவர் யாருக்குக் கடமைப்பட்டவர் என்பதே. பின்லாந்து 2010 ஜூலையில், நியாயமான விலையில் இணைப்புப் பெறுவதைக் குடிமக்களின் சட்ட உரிமையாக்கியது. கம்பெனிகள் கம்பெனிகளாகவே இருந்தன. கடமை மட்டும் அவற்றின் தோளில் ஏறியது. எந்த வீட்டையும் ஒதுக்காமை, நியாயமான கட்டணம், காரணமின்றித் துண்டியாமை: இம்மூன்றும் கம்பெனியையும் கட்ட வேண்டும், அரசையும் கட்ட வேண்டும். இவை நிலைபெறும் நாளில், கடைசி வீட்டுப் பிள்ளை எவருடைய தயவையும் எதிர்பார்த்துப் பாடம் படிக்க வேண்டியதில்லை.