மறுக்க இயலாதவரிடம் விற்பது

2023 ஆகஸ்ட் நடுப்பகுதியில், எம்.ரி.எஃப்.ஈ. என்னும் கைபேசிச் செயலியில் பணம் போட்டிருந்தவர்கள் கணக்கைத் திறந்து பார்த்தபோது, இருப்பு இருந்த இடத்தில் கழித்தல் குறி நின்றது. போட்ட பணம் போனதோடு, இன்னும் இவ்வளவு தரவேண்டும் என்றும் செயலி கேட்டது. அவ்வாண்டில் இலங்கை மத்திய வங்கி, தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்கள் என்று பெயர் சொல்லி அறிவித்தவற்றில் எம்.ரி.எஃப்.ஈ.யோடு ஒன்மெக்ஸ் டீ.ரி., ஃபாஸ்ட் த்ரீ சைக்கிள், ஸ்போர்ட் செயின் முதலியனவும் இருந்தன. உடல்நலப் பொருள் விற்றுவந்த ரியன்ஸ் லங்கா ஹெல்த் கெயாரும் அந்தப் பட்டியலில் இருந்தது. பத்திரிகைகள் நிறுவனங்களைப் பற்றி எழுதின. மனத்தை உறுத்துவது வேறொன்று. இத்தகைய திட்டங்களுக்கு ஆள் சேர்ப்பது விளம்பரப் பலகை அல்ல. மாமி கூப்பிடுகிறாள், பள்ளித்தோழி கூப்பிடுகிறாள், பக்கத்து வீட்டு அக்கா கூப்பிடுகிறாள்.

கூப்பிடும் இடம் பெரும்பாலும் ஒரு வீடு. பாய் விரித்திருக்கும், பிளேன்டியும் பிஸ்கட்டும் வரும். நாலு பேர் நலம் விசாரித்து முடிந்ததும் மேசைமேல் ஒரு பெட்டி திறக்கும். சவர்க்காரம், சத்துமா, முகக் கிரீம், சமையல் பாத்திரம் என்று ஏதோ ஒன்று. "டெமோ" முடிந்ததும் "வாங்கத்தான் வேணும் எண்டில்ல" என்பாள் வீட்டுக்காரி. அந்தச் சொல்லுக்குப் பிறகுதான் வாங்காமல் எழுந்திருப்பது கடினமாகிறது. அடுத்த வாரம் பேச்சு பொருளை விட்டு "பெக்கேஜ்" பக்கம் போகும், "உங்களுக்குக் கீழே ஆறு பேரைப் போட்டா போதும்."

இங்கே நடப்பது பிழை. பொருள் நல்லதா, மலிவா என்பதெல்லாம் இரண்டாவது கேள்வி. மறுக்க இயலாத இடத்தில் ஒருவரை உட்காரவைத்து அவரிடம் விற்பது, எடைக்கல்லைக் குறைப்பதற்கு நிகரான குற்றம். கடையில் வாங்காமல் திரும்பினால் கடைக்காரர் முகம் சுளிப்பார், அவ்வளவுதான். மாமி வீட்டில் வாங்காமல் திரும்பினால் அடுத்த கல்யாணத்தில், அடுத்த மையத்து வீட்டில் அந்த மறுப்பு கூடவே வந்து உட்காரும். முகம் முறிக்க ஏலாது என்பது இந்தப் புத்தளம் கரையோரத்தில் பண்பின் பெயர். அந்தப் பண்பைத்தான் இந்த விற்பனை முறை விலைக்கு எடுக்கிறது.

வள்ளுவர் இதை ஆழமாகக் கண்டவர். கண்ணோட்டம் என்ற அதிகாரத்தின் கடைசிக் குறள், பழகியவர் கையால் ஊற்றப்படுவது நஞ்சென்று தெரிந்தும் வாங்கிக் குடித்துவிடும் அளவுக்கு நீளும் நாகரிகத்தைப் பேசுகிறது. அதைப் படிக்கும் நாம் குடிப்பவரின் பெருந்தன்மையை வியப்பதோடு நிறுத்திவிடுகிறோம். ஊற்றுகிறவர் யார் என்று கேட்பதில்லை. அந்தப் பெருந்தன்மை உண்டென்று தெரிந்தே ஊற்றுகிறவருக்கு என்ன பெயர்? விருந்தோம்பல் அதிகாரத்தின் கடைசிக் குறளில் விருந்தினரின் முகம் அனிச்ச மலரைவிட மெலிதாக்கப்படுகிறது. முகந்திரிந்து பார்த்தாலே வாடிப்போகிறவரை, பட்டியலையும் பேனாவையும் நீட்டி வாடவைப்பது விருந்தாகுமா?

பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுவதே வணிகம் என்று அதே நூல் நடுவுநிலைமை அதிகாரத்தில் சொல்லும். அந்த அதிகாரத்திலும் அதுவே கடைசிக் குறள். பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் கொள்வதை மிகுதியாகக் கொள்ளார், கொடுப்பதைக் குறைத்துக் கொடார். அவர்களும் கடற்கரை வணிகர்களே. திருக்குர்ஆனின் நிஸா அத்தியாயத்தின் 29ஆம் வசனம் பிறர் பொருளை உண்பதைத் தடுத்து, இருவரும் மனமொப்பிச் செய்யும் வணிகத்துக்கு மட்டும் வழி விடுகிறது. மனமொப்புதல் என்றால் வாயால் "சரி" சொல்வது மட்டுமா? தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபிகளார், நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே ஏன் வைக்கவில்லை என்று விற்பவரைக் கேட்ட நிகழ்வு, வெள்ளி மேடைகளில் பலமுறை கேட்டதுதான். வீட்டு மீட்டிங்கில் நனைந்த பகுதி எது என்றால், விருந்தாளி வாங்கும் ஒவ்வொன்றிலும் வீட்டுக்காரிக்கும் அவளுக்கு மேலே இருப்பவர்களுக்கும் போகும் பங்கு. அது குவியலின் அடியிலேயே இருக்கிறது. பௌத்தரின் சிகாலோவாத சூத்திரமோ நண்பர் வேடத்தில் வரும் பகைவரை நான்காகப் பிரித்து, எடுத்துக்கொண்டு போவதற்கென்றே வருபவரை முதலில் வைக்கிறது. நான்கு சமயத்தாரும் கலந்து வாழும் இந்த மாவட்டத்தில் இதற்கு மாறாகச் சொல்லும் நூல் ஒன்றும் இல்லை.

இந்த முறை நம் ஊரில் முளைத்ததல்ல. டப்பர்வேர் நிறுவனம் 1951இல் தன் பிளாஸ்டிக் பாத்திரங்களைக் கடைகளிலிருந்து எடுத்துவிட்டு, வீட்டு விருந்துகளில் மட்டுமே விற்கத் தொடங்கியது. அதை நடத்திக் காட்டியவர் பிரௌனி வைஸ் என்ற பெண். அவரையே நிறுவனம் 1958இல் வெளியேற்றியது. பெண்களை முன்னேற்றுகிறோம் என்று மேடையில் சொல்லப்படும்போதெல்லாம் அந்த 1958ஐயும் நினைவில் வைப்பது நல்லது. அமெரிக்கச் சட்டம் 1970களில் ஒரு விதி கொண்டுவந்தது: வீட்டில் வைத்து விற்கப்பட்டதை வாங்கியவர் மூன்று வேலை நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம். வீட்டுக்குள் சொல்லப்படும் "சரி" முழுச் சம்மதம் ஆகாது என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டதாக இதைக் கொள்ளவேண்டும்.

மறுபக்கமும் ஒன்று உண்டு. வீட்டைவிட்டு அதிகம் வெளியேற வழியில்லாத பெண்ணுக்கு வீட்டிலிருந்தே செய்யும் தொழில் ஒரு துணை. சேலை கொண்டுவந்து விற்பவரும் இடியப்பம் அவித்து விற்பவரும் மரியாதைக்குரியவர்கள். ஆனால் இடியப்பம் விற்பவர், வாங்குகிறவரையும் இடியப்பம் விற்கச் சொல்லி அதில் பங்கு கேட்பதில்லை.

அந்தப் பங்குதான் முழுக் கேட்டின் வேர். ஒருவர் ஆறு பேர், அவர்கள் ஒவ்வொருவரும் ஆறு பேர் என்று போனால் ஏழாம் படியில் 2,79,936 பேர் தேவை. எட்டாம் படியில் 16,79,616 பேர். 2012 குடிசன மதிப்பீட்டில் புத்தளம் மாவட்டத்தின் மொத்தச் சனத்தொகை ஏறத்தாழ 7 இலட்சத்து 62 ஆயிரம். தொட்டில் குழந்தையைச் சேர்த்தாலும் எட்டாம் படிக்கு ஆள் இல்லை. பத்தாம் படி 6 கோடியைத் தாண்டும். இலங்கையில் அத்தனை பேரே கிடையாது. ஆகவே கடைசியில் சேர்ந்தவர் தோற்பது அவருடைய சோம்பலால் அல்ல. "நீ இன்னும் முயற்சி செய்யல்ல" என்று அவரைப் பார்த்துச் சொல்வது இரண்டாவது கொடுமை. தங்க நாணயத்தைக் காட்டி ஆள் சேர்த்த கோல்ட் குவெஸ்டுக்குப் பிறகு, 2005இல் வங்கிச் சட்டத்தைத் திருத்தி இத்திட்டங்களை நாடு தடைசெய்தது. தொடங்குவது மட்டும் குற்றமல்ல. முன்னெடுப்பதும் விளம்பரப்படுத்துவதும் குற்றம். சிறை, தண்டம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். பாய் விரித்துக் கூட்டம் வைத்த மாமியும் அந்தச் சட்டத்தின் வாசகத்துக்குள் வந்துவிடக்கூடும் என்பதை அவளுக்கு மேலே இருந்தவர் யாரும் அவளிடம் சொல்லியிருக்கமாட்டார்.

அவள் ஏன் சேர்ந்தாள் என்று கேட்டால் விடை கரையில் இருக்கிறது. 2022 ஆகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரே நாளில் ஏறியது. சிறு படகுகளுக்கு அதுதான் எரிபொருள். படகு கரையில் கிடந்தால் கருவாட்டு வாடியிலும் வேலை இல்லை. அதற்கு முன்பே நுண்கடன் நுழைந்திருந்தது. வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் வாங்கியிருந்த ஓர் இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடன்களை 2018இல் அரசாங்கமே ஏற்க வேண்டிவந்தது. அந்தப் பன்னிரண்டில் புத்தளமும் ஒன்று. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்த முஸ்லிம்கள், கொண்டுவர முடிந்த ஒரே சொத்தாகக் கொண்டுவந்தது உறவை. அந்த உறவை நம்பித்தான் கற்பிட்டியிலும் பாலாவியிலும் முகாம் வாழ்க்கையைக் கடந்தார்கள். இந்தக் காரணங்களெல்லாம் அவளை இரக்கத்துக்கு உரியவளாக்குகின்றன. தன்னை நம்பி வந்தவளிடமிருந்து எடுத்ததை வைத்துக்கொள்ளும் உரிமையை அவளுக்குத் தருவதில்லை.

லூக்கா நற்செய்தியில் வரித்தண்டல்காரர் சக்கேயு, ஏமாற்றி எடுத்ததை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொல்கிறார். இங்கே நான்கு மடங்கு கேட்கவேண்டாம். தன் கைக்கு வந்த கொமிஷனை, அது யாருடைய பணத்திலிருந்து வந்ததோ அவருக்குத் திருப்பினால் போதும். அதற்கும் கையில் பணம் இல்லையென்றால் வழி ஊரிலேயே இருக்கிறது. சீட்டுப் பிடிப்பதை நம் பெண்கள் நன்றாக அறிவார்கள். 1935இலேயே அதற்கென்று ஒரு கட்டளைச் சட்டம் வந்த அளவுக்கு இந்த நாட்டில் பழையது அது. பத்துப் பேர் போட்டால் பத்துப் பேரும் ஒருமுறை எடுப்பார்கள். கீழே என்று யாரும் இல்லை. ஆள் சேர்த்தவள் தன்னால் இழந்தவர்களோடு ஒரு சீட்டுப் போடட்டும். தன் முறை வரும் மாதத்தில் அந்தப் பணத்தை முதலில் இழந்தவளின் கையில் கொடுக்கட்டும். அடுத்த சீட்டில் அடுத்தவளுக்கு. பெயர்களை எழுதிய கொப்பி அவளிடம்தான் இருக்கிறது.