உன் மனுவை நீயே தள்ளுபடி செய்யாதே

“வக்கீல் படிப்பா? அதெல்லாம் வக்கீல் வீட்டுப் பிள்ளைகளுக்கு!” பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் எத்தனையோ வீடுகளில் இந்த ஒரு பேச்சு ஒரு பிள்ளையின் வாயை அடைத்துவிடுகிறது. சொல்கிறவர் கெட்டவர் இல்லை. மாமாவாக இருப்பார், சித்தப்பாவாக இருப்பார், உன் மேல் அக்கறை உள்ளவராகவே இருப்பார். ஆனால் அதைக் கேட்டு நீ விண்ணப்பமே போடாமல் உட்கார்ந்துவிட்டால், எதிர்த்தரப்பே இல்லாத வழக்கில் உனக்கு எதிராக நீயே தீர்ப்பு எழுதுகிறாய். அந்தத் தீர்ப்புக்கு அப்பீலும் கிடையாது.

தம்பி, தங்கச்சி, ஒரு மனுவுக்கு என்ன வலிமை உண்டு என்று தெரிந்துகொள். 1916-ல் கல்கத்தாவில் ரெஜினா குஹா என்ற பெண் சட்டப் பட்டம் முடித்து, வழக்காட அனுமதி கேட்டு மனுப் போட்டார். உயர் நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்து விசாரித்தார்கள். பெண் என்பதால் முடியாது என்றார்கள். சில ஆண்டுகளில் பாட்னாவில் சுதான்சுபாலா ஹஸ்ரா அதே மனுவைப் போட்டார். அதே பதில்தான் வந்தது. ஒரு பெண்ணின் மனு தோற்ற வழியிலேயே இன்னொரு பெண் தன் மனுவை எடுத்துக்கொண்டு நடந்தார் பார், அந்தத் துணிச்சலுக்கு முன்னால் நாம் எழுந்து நிற்க வேண்டும். 1923-ல் சட்டமே மாறியது. பெண் என்ற காரணத்துக்காக யாரையும் வக்கீல் தொழிலிலிருந்து விலக்கக் கூடாது என்று தனிச் சட்டம் வந்தது. இன்று நம் சட்டக் கல்லூரிகளில் பெண்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்து படிக்கிறார்களே, தோற்றுப்போன அந்த மனுக்களுக்கும் அதில் பங்குண்டு.

அவ்வளவு பழைய கதைக்கும் போக வேண்டாம். படிப்பை முடித்துப் பல ஆண்டுகள் காத்திருந்த சத்யஸ்ரீ ஷர்மிளா, 2018-ல் தமிழ்நாடு பார் கவுன்சிலில் பதிவு செய்து இந்தியாவின் முதல் திருநங்கை வழக்கறிஞர் ஆனார். அவரும் ஒரு படிவத்தை நிரப்பித்தான் அந்த இடத்துக்கு வந்தார்.

குஹாவையும் ஹஸ்ராவையும் அன்றைய சட்டம் தடுத்தது. உன்னை எந்தச் சட்டம் தடுக்கிறது? சொல்!

தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் அரசு சட்டக் கல்லூரிகளில் ஐந்தாண்டுப் படிப்பில் சேர நுழைவுத் தேர்வு இல்லை. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசைப் பட்டியல் போடுகிறார்கள், கலந்தாய்வுக்குக் கூப்பிடுகிறார்கள். சென்னைக்கு மூட்டை கட்ட வேண்டும் என்ற நிலையும் இன்று இல்லை. ராமநாதபுரம், தேனி, தர்மபுரி, நாமக்கல், காரைக்குடி வரை அரசு சட்டக் கல்லூரி வந்துவிட்டது. பார் கவுன்சில் விதி கேட்கும் குறைந்தபட்ச மதிப்பெண் பொதுப் பிரிவுக்கு 45 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 40 சதவீதம். இது விண்ணப்பிக்கத்தான். இடம் கிடைக்க இதைவிட வெகுவாக அதிகம் வேண்டும், போட்டி கடுமையானது. அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். ஆனால் பட்டியலில் உன் பெயர் எங்கே வரும் என்று பட்டியல் சொல்லட்டும். பக்கத்து வீட்டுக்காரர் சொல்ல வேண்டாம்.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவனா நீ? பிறகு ஏன் தலை குனிகிறாய்? 2021-ல் வந்த சட்டப்படி தொழிற்படிப்புகளில் உனக்கென்று 7.5 சதவீத இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. சட்டப் படிப்பும் அதில் சேரும். அந்த ஒதுக்கீட்டில் சேர்கிறவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று அறிவித்திருக்கிறது. சலுகை என்று கூசாதே. சட்டமன்றம் நிறைவேற்றிய உரிமை அது. தன் உரிமையையே கேட்டு வாங்கத் தயங்குகிறவன், நாளைக்குக் கட்சிக்காரரின் உரிமையை எப்படிக் கேட்டு வாங்குவான்?

அடுத்து உன் தொண்டையில் நிற்பது இங்கிலீஷ். எனக்குத் தெரியும். சட்டப் புத்தகங்களில் பெரும்பாலானவை இங்கிலீஷில்தான் இருக்கின்றன, படித்துத்தான் ஆக வேண்டும். தினம் ஒரு பக்கம் அகராதியோடு உட்கார்ந்து படி. ஐந்து வருஷம் என்பது ஒரு மொழியை வசப்படுத்தத் தாராளமான காலம். ஆனால் உன் கையில் என்ன இருக்கிறது என்பதையும் பார். பட்டா, சிட்டா, அடங்கல், கிரயம், வில்லங்கம், புறம்போக்கு, வாய்க்கால் வரப்புத் தகராறு என்று நீ சின்ன வயதிலிருந்து வீட்டுத் திண்ணையில் கேட்டு வளர்ந்திருக்கிறாய். தாலுகா ஆபீஸில் அப்பா எத்தனை முறை திருப்பி அனுப்பப்பட்டார் என்று பார்த்திருக்கிறாய். முன்சீப் கோர்ட்டில் கூண்டில் ஏறும் சாட்சி தமிழில்தான் பேசுகிறார், அதுவும் உன் ஊர்த் தமிழில். அவர் எந்த இடத்தில் தடுமாறுகிறார், எதை விழுங்குகிறார் என்று கேட்ட மாத்திரத்தில் பிடிக்கும் காது உன்னிடம் இருக்கிறது. அதை எந்தக் கோச்சிங் சென்டரும் காசுக்கு விற்க முடியாது.

ஈரோடு மாவட்டம் பவானி பக்கத்தில் காடப்பநல்லூர் என்றொரு கிராமம். அங்கே விவசாயக் குடும்பத்தில் பிறந்து, குடும்பத்தின் முதல் பட்டதாரியாகி, சென்னை அரசு சட்டக் கல்லூரியில் படித்து, 1973-ல் வக்கீலாகப் பதிவு செய்தவர் ப. சதாசிவம். 2013-ல் அவர் இந்தியாவின் தலைமை நீதிபதி. வக்கீல் வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் சட்டம் என்று இனி யாராவது சொன்னால் இந்த ஊர்ப் பெயரைச் சொல்.

கிளாட் நுழைவுத் தேர்வு எழுதி தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்குப் போக ஆசையா, எழுது. 120 கேள்விகள், இரண்டு மணி நேரம், தவறான விடைக்கு கால் மதிப்பெண் போகும். திருச்சியிலேயே ஒரு தேசிய சட்டப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கிடைக்கவில்லையா, அழுது முடித்து எழுந்து வா. அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. இந்த வருஷம் அதுவும் கிடைக்கவில்லையா, பி.ஏ.வோ பி.எஸ்ஸி.யோ பி.காமோ முடித்துவிட்டு மூன்றாண்டு எல்.எல்.பி.க்கு வா. நீதிமன்றத்தில் உன் வாதத்தைத்தான் கேட்பார்கள். எந்தக் கல்லூரி, ஐந்து வருஷமா மூன்று வருஷமா என்று எந்த நீதிபதியும் கேட்கப் போவதில்லை.

படித்து முடித்தாலும் பதிவுக்குப் பெரும்பணம் வேண்டும் என்று பயமுறுத்துகிறார்களா? அந்தக் காலம் போய்விட்டது. பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாய்க்கு மேலும், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினரிடம் 125 ரூபாய்க்கு மேலும் பதிவுக் கட்டணம் வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஏழை வீட்டுப் பிள்ளையின் கறுப்புக் கோட்டுக்குக் கட்டணம் தடையாகக் கூடாது என்பதுதான் அதன் பொருள். உனக்காகப் பேசப்பட்ட வழக்கு அது.

இப்போது செய்ய வேண்டியதைச் செய். இ-சேவை மையத்துக்குப் போய் சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் எடுத்து வை. பள்ளிக்குப் போய் மாற்றுச் சான்றிதழும், ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றும் வாங்கு. பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் இப்போதே திருத்து, கலந்தாய்வு நாளில் அழாதே. அறிவிப்பு வந்ததும் கடைசித் தேதிக்குக் காத்திராமல் முதல் வாரத்திலேயே விண்ணப்பத்தைப் போட்டுவிடு.