உன் கைக்கு என்ன குறைச்சல்?

"எனக்குக் கைவேலை வராது." எத்தனை பேர் வாயில் இதைக் கேட்டாயிற்று! யார் சொன்னது உனக்கு வராது என்று? எந்தப் பரீட்சையில் தோற்றாய்? கத்தி பிடித்துப் பார்க்காத கைக்கு, பிரஷ்ஷைத் தொட்டுப் பார்க்காத கைக்கு, "வராது" என்று தீர்ப்புச் சொல்ல என்ன அருகதை இருக்கிறது?

1942 ஜனவரி. பேர்ல் ஹார்பர் தாக்குதல் நடந்த மறுமாதம். அமெரிக்கக் கடற்படைக்கு ஓர் அவசரத் தேவை. வானத்தில் வருவது நம் விமானமா, எதிரி விமானமா என்று பீரங்கிக்காரன் நொடியில் கண்டுகொள்ள வேண்டும். தடுமாறினால் சொந்த விமானியையே சுட்டு வீழ்த்திவிடுவான். கண்ணைப் பழக்க மாதிரி விமானங்கள் வேண்டும். 50 வகை, வகைக்கு 10,000. மொத்தம் 5 லட்சம். யாரிடம் கேட்டார்கள் தெரியுமா? பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம்! வரைபடத்தைப் பார்த்து மரக்கட்டையைச் செதுக்கினார்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார்கள். அட்டை அச்சை வைத்து வளைவைச் சரிபார்த்தார்கள். கறுப்பு வண்ணம் பூசிக் கொடுத்தார்கள்.

அளவு 72-இல் ஒரு பங்கு. ஆறடி மனிதன் அதில் ஓர் அங்குலம். அப்படியொரு மாதிரியை 35 அடி தள்ளி வைத்துப் பார்த்தால், அரை மைல் தூரத்தில் நிஜ விமானம் எப்படித் தெரியுமோ ஏறக்குறைய அப்படித் தெரியும். இறக்கை வளைவில் பிள்ளை பிசகினால், வீரனின் கண் வேறொரு விமானத்தைப் பழகிக்கொள்ளும். உயிர் போகிற காரியம். அதைப் பள்ளிப் பிள்ளைகளின் கையில் கொடுத்தார்கள், கை தாங்கியது. உன் கைக்கு மட்டும் என்ன குறைச்சல்?

இன்று நீ மரம் செதுக்க வேண்டாம். அதே அளவில், பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிச் செய்யும் ஒரு ஸ்பிட்ஃபயர் கிட் வாங்கு. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் பறக்கவிட்ட சண்டை விமானம். ஆரம்பகால மாடல் என்றால் இறக்கையின் இந்த நுனிக்கும் அந்த நுனிக்கும் 15.6 சென்டிமீட்டர், ஒரு சாண்கூட இல்லை. (கொலைக்கருவிக்கு மாலை போடச் சொல்லவில்லை. அதைச் செய்த மூளையையும் கையையும் பார் என்கிறேன்.)

பெட்டியைத் திறந்ததும் பயம் வரும், வரட்டும். பயத்தோடே நிப்பரை, அதாவது சிறு வெட்டுக் குறடை, எடு. சட்டத்தில் கோத்திருக்கும் பாகத்தை ஒட்டி வெட்டாதே. சற்றுத் தள்ளி வெட்டி, மிச்சத்தைக் கத்தியால் சீவி, உப்புத்தாளால் தேய். பசை போடுவதற்கு முன் பசையில்லாமல் ஒருமுறை பொருத்திப் பார். அவசரக்காரனை இந்த வேலை முதல் நாளிலேயே அடையாளம் காட்டிவிடும்.

முதலில் காக்பிட். உள்சுவருக்குச் சாம்பல் கலந்த பச்சை. கருவிப்பலகைக்குக் கறுப்பு, காய்ந்தபின், வெளிர் வண்ணம் தொட்டு அதை அநேகமாகத் துடைத்துவிட்ட பிரஷ்ஷால் மேலாக ஒரு தடவு தடவு, டயல்களின் விளிம்பு எழுந்து நிற்கும். மெல்லிய டேப்பைக் கீற்றாக நறுக்கி இருக்கைக்கு பெல்ட் போடு. இத்தனையும் செய்து உடலின் இரு பாதிகளையும் ஒட்டினால், அதில் பெரும்பகுதி வெளியே தெரியாது! "தெரியாததற்கு ஏன் உழைக்க வேண்டும்?" என்று கேட்பாய். உனக்குத் தெரியுமே, அது போதாதா? அடுத்தவன் கைதட்டினால்தான் நிமிர்வேன் என்கிறவன், கைதட்டல் நின்ற அன்றே குனிந்துவிடுவான். மூடிய உடலுக்குள் பெல்ட் இருக்கிறது என்று அறிந்தவன் எவன் முன்னாலும் நிமிர்ந்து உட்காருவான்.

அடுத்த சோதனை, இறக்கை உடலோடு சேரும் இடம். அங்கே இடைவெளி விழும். பட்டி வைத்து அடை, தேய், பிரைமர் அடி. பிரைமர் தயவுதாட்சண்யம் பார்க்காது. கண்ணுக்குத் தப்பிய கீறலையெல்லாம் காட்டிக்கொடுத்துவிடும். மறுபடி பட்டி, மறுபடி உப்புத்தாள். "இவ்வளவு பார்க்க வேண்டுமா?" என்று அலுத்துக்கொள்ளாதே. நிஜ ஸ்பிட்ஃபயரைச் செய்தவர்கள் என்ன பார்த்தார்கள் தெரியுமா? தகடுகளை இணைக்கும் ரிவெட்டுகளின் தலை உருண்டையாக இருந்தால் செய்வது சுலபம். வேகம் எவ்வளவு குறையும்? சோதிக்க, வழவழப்பான ரிவெட் தலைகளின் மேல் உடைத்த பட்டாணிப் பருப்பை ஒட்டிப் பறக்கவிட்டார்கள்! எல்லா இடத்திலும் ஒட்டியபோது மணிக்கு 22 மைல் வரை வேகம் போயிற்று. பிறகு பருப்பைப் பகுதி பகுதியாக உரித்துப் பறந்து பார்த்து, எங்கே வழவழப்பு அவசியம், எங்கே உருண்டைத் தலை போதும் என்று முடிவு செய்தார்கள். பருப்பளவு மேட்டைக் கணக்கில் எடுத்தவர்களின் விமானத்தைச் செய்ய உட்கார்ந்திருக்கிறாய். பட்டியைத் தேய்க்கச் சலிப்பா?

அதை வடிவமைத்தவர் ஆர். ஜே. மிட்செல். 1934-இல் அவருடைய டைப் 224 பறந்தது. மடங்காத சக்கரமும் போதாத வேகமுமாக, விமானப்படைக்கு வேண்டாததாகப் போயிற்று. அதற்கு முந்தைய ஆண்டுதான் புற்றுநோய்க்குப் பெரிய அறுவைச் சிகிச்சை செய்துகொண்டிருந்தார். உடம்பு ஒருபக்கம், தோல்வி மறுபக்கம். அந்த மனிதர் என்ன செய்தார்? தானே விமானம் ஓட்டக் கற்று அதே 1934-இல் உரிமம் வாங்கினார்! பலகையில் புதிய வரைபடம் விரிந்தது. 1936 மார்ச் 5, சவுத்தாம்ப்டன் அருகே ஈஸ்ட்லி விமானதளத்தில் முதல் ஸ்பிட்ஃபயர் எழும்பியது. மறு ஆண்டு ஜூன் 11-இல், 42 வயதில் மிட்செல் இறந்தார். படைப்பிரிவுக்கு முதல் விமானம் போய்ச் சேர்ந்தது 1938-இல். அதைப் பார்க்க அவர் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, நீரில் நனைத்து ஒட்டும் சின்னமான டீகால் கிழிந்ததற்காகப் பெட்டியைப் பரணில் ஏற்றுகிறவனே, காதில் விழுகிறதா?

1940 செப்டம்பரில் குண்டு விழுந்து, ஸ்பிட்ஃபயரைச் செய்த நிறுவனத்தின் சவுத்தாம்ப்டன் தொழிற்சாலை நொறுங்கியது. வேலையைச் சிதறடித்தார்கள். சாலிஸ்பரி, ரெடிங் போன்ற ஊர்களின் மோட்டார் கராஜ்களிலும் பஸ் டெப்போக்களிலும் இறக்கையும் உடலும் உருவாயின. வேலைக்கு வந்தவர்களில் பலர் அதற்குமுன் டிரில்லிங் மெஷினைத் தொட்டிராத இளம்பெண்கள். தன்னம்பிக்கை வரட்டும் என்று அவர்கள் வீட்டில் காத்திருக்கவில்லை. கற்றுக்கொண்டே முடுக்கினார்கள்.

வண்ணத்துக்கு வா. மேலே மண்பழுப்பும் கரும்பச்சையும் வளைந்து வளைந்து. ஏர்பிரஷ் இல்லையென்று சாக்குச் சொல்லாதே, தட்டைப் பிரஷ்ஷும் நீர்த்த வண்ணமும் இரண்டு மூன்று பூச்சும் போதும். பளபளப்பு வார்னிஷ் அடித்த பிறகே டீகால். இல்லாவிட்டால் ஓரம் வெள்ளி பூத்து நிற்கும். தகட்டு இடுக்கெல்லாம் கறுப்பு வடித்து வலை போட்டதுபோல் ஆக்குவது இப்போதைய மோகம். எனக்கு அது பிடிப்பதில்லை. நிஜத்தில் மயிரிழையாக இருக்கும் இடுக்கு 72-இல் ஒரு பங்கில் கண்ணுக்கே எட்டாது. எல்லோரும் செய்கிறார்கள் என்று நீயும் செய்யாதே. பழைய புகைப்படத்தைப் பார், அது சொல்வதைக் கேள். எக்ஸாஸ்ட் குழாயின் பின்னால் கொஞ்சம் புகைக்கறை, விமானி கால் வைத்து ஏறும் இடத்தில், இறக்கை உடலோடு சேரும் பக்கம், கொஞ்சம் உரிந்த வண்ணம். அங்கே நிறுத்து.

அடுத்த மாதம், அடுத்த விடுமுறை என்று தவணை சொல்லாதே. கிட் வந்த இரவே மேசை விளக்கைப் போடு. சுண்டுவிரல் நகமளவு இருக்கும் அந்த விமானி இருக்கையை முதலில் வெட்டியெடு. உடைந்தால் பசை இருக்கிறது, ஒட்டு. பிறகு டேப்பை எடுத்து பெல்ட்டை நறுக்கு.