பங்களாவும் பலகை லயமும்

கெடா மாநிலத் தோட்டங்களை அறிந்தோர்க்குக் குன்றின்மேல் நின்ற துரை பங்களாவை அறிமுகப்படுத்த வேண்டுவதில்லை. தூண்களின்மேல் உயர்த்திய தளம். சுற்றிலும் அகன்ற தாழ்வாரம். ஒரு பலகையின் விளிம்பு அடுத்த பலகையின்மேல் கவியுமாறு கிடையாக அறைந்த மரச்சுவர். மழைநீர் உட்புகாது வழிந்தோடுவதற்கே அந்தக் கவிப்பு. இதனை விக்டோரியா காலக் கட்டடம் என்பர். கெடா ஆங்கிலேயர் மேலாண்மைக்குள் வந்ததோ 1909ஆம் ஆண்டில். அரசியார் 1901இலேயே மறைந்துவிட்டார். ஆகவே இவற்றுள் பெரும்பாலானவை அக்காலத்திற்குப் பிந்தியவையே. தூண்மேல் வீடெழுப்பும் முறையும் இம்மண்ணின் மலாய் மக்களிடம் முன்னரே இருந்ததுதான்.

இவ்வீடுகளைக் காக்கவேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. காக்கவும் முடியும். தென்கெடாவில் பெங்ஹூலு அபு செமான் வாழ்ந்த மரவீட்டை 1990களில் பகுதி பகுதியாகக் கழற்றிக் கோலாலம்பூருக்குக் கொண்டுசென்று, மலேசியப் பாரம்பரிய அறவாரியம் மீண்டும் எழுப்பியது. எனினும் ஒரு கேள்வி உறுத்துகிறது. குன்றின் அடிவாரத்திலும் பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக வீடுகள் நின்றன. அவற்றை லயம் என்றோம். பங்களா மரபுச் செல்வமாயின், லயம் யாது?

ஓய்வுபெற்ற பால்மரத் தொழிலாளியான மூதாட்டி ஒருவரிடம் இதனைக் கேட்டேன். "அந்தக் கூட்டையா காப்பாத்தணும், வாத்தியாரையா? மழை பேஞ்சா பிள்ளைங்களைத் தூக்கி வச்சிக்கிட்டு விடியவிடிய உக்காந்திருந்தோம். எரிச்சாலும் எனக்கு வருத்தமில்லே" என்றார். என்னால் மறுமொழி கூற இயலவில்லை. துன்புற்ற இடத்தைத் துன்புறாதவர் போற்றிக் காப்பதில் ஒருவகை நாணமின்மை உண்டு. வறுமை காட்சிப்பொருளாகிவிடும் என்னும் அச்சமும் பொய்யன்று.

ஆயினும், லயம் மறைந்து பங்களா மட்டும் எஞ்சினால், அந்த வீடு பொய்ச்சான்று சொல்லும். தோட்ட வாழ்வு என்றால் தாழ்வாரமும் சாய்வு நாற்காலியும் மாலைத் தேநீருமே என நாளைய மாணவன் கருதுவான். 1942, 43ஆம் ஆண்டுகளில் சயாம் மரண ரயில் பாதைக்குத் தொழிலாளர் கொண்டுசெல்லப்பட்டது இந்த லயங்களிலிருந்தே. 1947இல் பீடோங்கை அடுத்த ஹார்வர்டு தோட்டத்தில் கள்ளை எதிர்த்து நின்ற தொண்டர் படையினர் இத்தகைய பலகைச் சுவர்களுக்குள் வாழ்ந்தவர்கள். தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் 1961இல் முதன்முதலாக வாங்கிய புக்கிட் சீடிம் தோட்டமும் கெடாவில்தான் இருக்கிறது. மாதந்தோறும் பத்து வெள்ளி கட்டிப் பங்கு சேர்த்தவர்கள் தோட்டத்துக்கே உரிமையாளராயினர். இவ்வரலாற்றுக்குச் சாட்சி சொல்ல எந்தப் பங்களா போதும்?

பிறநாட்டார் இதனை உணர்ந்துள்ளனர். இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஏழைத் தொழிலாளர் முதுகோடு முதுகாக ஒட்டி வாழ்ந்த வீடுகளைச் செப்பனிட்டு 2004இல் மக்கள் பார்வைக்குத் திறந்தனர். இலங்கையின் கம்பளைப் பகுதியில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்க்கென 2007இல் அமைந்த அருங்காட்சியகம் பழைய லயன் அறைகளிலேயே இயங்குகிறது. நம் நாட்டின் 2005ஆம் ஆண்டுத் தேசியப் பாரம்பரியச் சட்டமும் அழகை மட்டும் அளவுகோலாகக் கொள்ளவில்லை. சமூகத் தொடர்பையும் கருதுகிறது. சட்டமிருந்தும் 2013இல் பூஜாங் பள்ளத்தாக்கின் தொன்மையான சண்டி ஒன்று இயந்திரங்களால் இடிக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. கல்லுக்கே அந்நிலை, பலகைக்குக் கறையான் வேறு காத்திருக்கிறது.

அந்த மூதாட்டி விடைபெறும்போது, "வச்சுத்தான் ஆகணும்னா சாயம் பூசாம வைங்க. அடுப்புக் கரியும் அப்படியே இருக்கட்டும்" என்றார். பாதுகாப்பு வல்லுநர் பலர் விரிவாக உரைப்பதை அவர் இரண்டே தொடரில் உரைத்துவிட்டார்.

சுங்கைப் பட்டாணி, கூலிம், பீடோங் வட்டாரங்களில் பழைய லயம் ஒன்றேனும் எஞ்சி நின்றால், செம்பனைக்காக அதனை அகற்றுமுன் ஆசிரியர்கள் மாணவரோடு சென்று அளவெடுத்து வரைந்து, எந்த அறையில் எவர் குடியிருந்தார் என்பதைப் பெரியோரிடம் கேட்டு எழுதிவைக்கலாம். ஒரு பள்ளி விடுமுறைக்குள் முடியக்கூடிய பணிதான் இது.