கறுப்புக் காயா? கொண்டா இங்கே!

பேசாலையிலும் வங்காலையிலும் முருங்கனிலும் சதுரங்கப் பலகை விரிக்கும் தம்பி, தங்கச்சி! கறுப்புக் காய் கிடைத்ததும் ஏன் முகம் வாடுகிறது? எதிராளி ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை டி4-க்குத் தள்ளிவிட்டான், அவ்வளவுதானே! சோளகத்துக்கு ஒரு கரை, வாடைக்கு ஒரு கரை என்று தொழில் செய்பவர் நம் மன்னார்க் கடலோடி. காற்று அவரைக் கேட்டு வீசுவதில்லை. கரையைத் தேர்வது அவர்தான். உன் பதிலையும் நீதான் தேர வேண்டும்.

2010 மே 11, பல்கேரியத் தலைநகர் சோஃபியா. உலகப் பட்டத்தின் 12ஆவது, கடைசி ஆட்டம். இருவரும் சமநிலை. சென்னையின் விஸ்வநாதன் ஆனந்துக்குக் கறுப்பு; எதிரே, சொந்த மண்ணில் தோபலோவ். ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் விமானங்கள் நின்றபோது, பிராங்பர்ட்டிலிருந்து ஏறத்தாழ 40 மணி நேரம் தரைவழியே வந்து சேர்ந்தவர் ஆனந்த். மூன்று நாள் அவகாசம் கேட்டார். கிடைத்தது ஒரே நாள். முதல் ஆட்டத்தில் டி4-க்குக் குரூன்ஃபெல்ட் தற்காப்பு ஆடி 30 நகர்வில் தோற்றார். பிறகு ஸ்லாவ் தற்காப்பு ஆடினார், 8ஆவது ஆட்டத்தில் அதுவும் கைவிட்டது.

கடைசி நாளில் ஒடுங்கினாரா? டி5, ஈ6 என்று சிப்பாய்களை நிறுத்தி, 7ஆவது நகர்வில் குதிரையை ஈ4-இல் இறக்கினார். 27 ஆண்டுகள் உலகப் பட்டத்தை வைத்திருந்த லாஸ்கரின் பழைய தற்காப்பு அது! பிஷப்புக்குப் பிஷப், குதிரைக்குக் குதிரை வெட்டுப்பட, நெருக்கடியில் நின்ற கறுப்புக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. சமன் செய்தால் அடுத்து விரைவு ஆட்டம். அதில் ஆனந்த் புலி. அதனால் தோபலோவ் வெல்லத் துடித்தார். 31ஆவது நகர்வில் ஆனந்த் சிப்பாயை ஈ4-க்குத் தள்ள, தோபலோவ் அதை வெட்டினார். வெள்ளை ராஜாவின் காவல் கலைந்தது. 56ஆவது நகர்வில் ஆட்டம் முடிந்தது; 6.5–5.5, பட்டம் ஆனந்துக்கே! கறுப்புக் காயால் வந்த வெற்றி, பிள்ளைகளே!

கொழும்புப் பிள்ளைகளுக்குப் பயிற்சியாளர் இருக்கிறார், நமக்கு யார் என்று கேட்காதே. ஒரு பதிலைப் பிடி, அதைக் கரைத்துக் குடி. டி5 ஆடியபின் ஈ6 வைத்தால் அரண் உறுதி. ஆனால் சி8 பிஷப் அடைபடும், அதை விடுவிக்கும் வழியைப் படிக்க வேண்டும். ஈ6-க்குப் பதில் சி6 வைத்தால் அந்தப் பிஷப்புக்கு வழி திறந்தே இருக்கும். கிங்ஸ் இந்தியன் தற்காப்பு ஆடினால் நடுப்பலகையை எதிராளிக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு ஈ5 என்று உடைக்க வேண்டும்; அதற்கு நெஞ்சுரம் வேண்டும். தொடங்குகிறவர்களுக்கு நான் ஈ6-ஐத்தான் சொல்வேன். ஒரு தோல்விக்காக அதைத் தூக்கி எறியாதே! எந்த நகர்வில் சறுக்கினாய் என்று கொப்பியில் எழுது.

இன்றிரவே சோஃபியாவின் அந்தக் கடைசி ஆட்டத்தை எடு. கறுப்புப் பக்கம் உட்கார். ஆனந்தின் ஒவ்வொரு பதிலையும் கையால் மறைத்துக்கொண்டு, உன் பதிலை முதலில் எழுது!